பின்னால் போக நாலு கியர்

“மாஸ்டர், என்னோட வேனுக்குப் பின்னால போக நாலு கியருங்க. முன்னால போக ஒண்ணே ஒண்ணு.”

இப்படி முறையிட்டவர் திருமூர்த்தி. வயது அறுபத்து மூன்று. கால்வாய் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

மாஸ்டர் என்றது ராகேலை. வயது முப்பத்து நாலு. பொள்ளாச்சியில் கியர்பாக்ஸ் என்றால் ராகேல்தான்.

பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். ராகேல் சிரிக்கவில்லை.

“நெகமத்துல இருந்து எப்படி வந்தீங்க?”

“ரிவர்ஸ் போட்டா முன்னால போகுதுங்க. அதுலயே உருட்டிட்டு வந்தேன். ரெண்டு மணி நேரம். சைக்கிள்காரரெல்லாம் என்னைத் தாண்டிப் போனாங்க.”

ராகேல் வேனைச் சுற்றி வந்தார். ஐம்பது வருஷத்துப் பழைய வண்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வயிறு தரையில் உரசிவிடும் போல இறங்கி நின்றது.

“இவ்வளவு எறக்குனது ஸ்டைலுக்குங்களா?”

“சம்சாரத்துக்கு முட்டிவலிங்க. படி ஒசரமா இருந்துச்சு. பின்சக்கரத்துக்கிட்ட இருக்கற சின்ன கியர்பெட்டி ரெண்டையும் எடுத்துட்டா வண்டி எறங்கும்னாங்க. நானே எடுத்தேன்.”

“அம்மா ஏறுனாங்களா?”

“இல்லீங்க. வேலை பாதியில இருக்கறப்பவே ருக்குமணி போயிட்டா.”

ராகேல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பெட்டியை எடுத்தா சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்துமுங்க. உள்ளே கிரவுன் வீல்னு ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும், அதைக் கழட்டி மறுபக்கம் மாத்தி வைக்கோணும். புத்தகத்துலயே போட்டிருக்குமே. படிக்கலீங்களா?”

“படிச்சேனுங்க.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கலீங்க.”

ராகேலுக்கு ஒரு பழக்கம். கேள்வி கேட்டால் பதில் வருகிறவரை வாயைத் திறக்க மாட்டார்.

“மக மைசூர்ல இருக்கறா. இங்கயே வந்து இருங்கப்பான்னு ரெண்டு வருஷமாக் கூப்பிடறா. வேன் வேலை முடியட்டும் சாமின்னு சொல்லிட்டே இருக்கறேன். இது ருக்குமணிக்காகத் தொட்ட வேலைங்க. முடிஞ்சு போச்சுன்னா அவகூட எனக்குப் பேசறதுக்கே ஒண்ணுமில்லை.”

சிரித்தவர்கள் எல்லாரும் திடீரென்று ஸ்பேனர் தேடப் போனார்கள்.

ராகேல் ஆறுதல் சொல்லவில்லை. வேனை ஜாக்கியில் ஏற்றினார். ஸ்பேனரைத் திருமூர்த்தி கையில் கொடுத்தார்.

“நீங்களே மாத்துங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

மூன்று நாள் ஆனது. ராகேல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. தப்பான ஸ்பேனர் எடுத்தால் மட்டும் தொண்டையைக் கனைப்பார்.

வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு திருமூர்த்தி யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டே இருந்தார். வெந்நீர் வைத்தாயா, மாத்திரை போட்டாயா என்கிற மாதிரிப் பேச்சு. ராகேலுக்கு அது கேட்டது. கேட்காத மாதிரி இருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேன் முன்னால் நகர்ந்தது. திருமூர்த்தி ரோட்டில் ஒரு சுற்று போய்வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். முகத்தில் சந்தோஷமே இல்லை. இந்த வேலையும் தீர்ந்துவிட்டது என்கிற பயம்தான் இருந்தது.

“நாலும் முன்னால விழுகுதுங்க மாஸ்டர்.”

“நல்லதுங்க.”

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கையே தடவிக்கொண்டிருந்தார்.

“பின்னால போறதுக்கு?”

“ஒரு கியர் இருக்குதுங்க. அது எப்பவும் இருக்கும். மைசூர் வரைக்கும் அதுலயே போக முடியாது, அவ்வளவுதான்.”

திருமூர்த்தி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

“சாமி, உங்க தெருவுல வண்டி நிறுத்த எடம் இருக்குதா?”