கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

"யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கலை மேடம்."

பேராசிரியை ரஹ்மத்துன்னிசா நிமிர்ந்து பார்த்தார். அறை வாசலில் தணிகாசலம் நின்றிருந்தார்.

தணிகாசலத்துக்கு நாற்பத்தேழு வயது. இருபத்துமூன்று வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, வானியல் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். பேராசிரியை அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர்.

துறையில் புதன்கிழமைதோறும் பிற்பகல் செமினார் வகுப்பு. புதிதாக வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஒருவர் படித்துவிட்டு வந்து அரை மணி நேரம் பேச வேண்டும். அடுத்த அரை மணி நேரம் கேள்விகளுக்கு.

அன்று தணிகாசலத்தின் முறை. பேசி முடித்தார். வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

"அவ்வளவு தெளிவா சொன்னேன் மேடம். எங்கயும் தடுமாறலை."

"ஆமா, தடுமாறலை."

"வயசானவர்னு மரியாதைக்குச் சும்மா இருந்தாங்களா? அப்படின்னா நான் ஸ்கூலுக்கே போயிடுறேன். அங்க பிள்ளைங்க கேக்கவாவது செய்யும்."

"எனக்கு மட்டும் இன்னொரு தடவை பேசுங்க சார்."

பேசினார்.

தூரத்தில் ஒரு நட்சத்திரம். பதினோரு நாளுக்கு ஒருமுறை ஒரு கோள் அதன் முன்னால் கடந்து போகிறது. அப்போது வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது, திரும்பவும் ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துக் கோளின் அளவைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ரஹ்மத்துன்னிசா கட்டுரையைப் புரட்டி, மூன்றாவது வரைபடத்தில் பென்சிலால் ஒரு சிறிய வட்டம் போட்டார். ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை அளந்த வெளிச்சம். எல்லாப் புள்ளிகளும் கோட்டோடு ஒட்டியிருந்தன. ஒன்று மட்டும் வெகு கீழே தனியாகக் கிடந்தது.

"இது?"

"அது... கட்டுரையிலயே அதைப் பத்தி ஒண்ணும் இல்லை மேடம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்குப் புரியலை. அதான் விட்டுட்டேன். அந்த இடத்தைக் கொஞ்சம் வேகமா தாண்டினேன்."

"பார்த்தேன். அடுத்த புதன் இதைப் பேசுங்க."

"புரியாததை எப்படி மேடம் பேசுறது?"

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

*

அந்த வாரம் முழுவதும் தணிகாசலம் அந்தப் புள்ளியோடு இருந்தார்.

கட்டுரையைப் பதினோரு முறை படித்தார். அதற்கு முந்தைய கட்டுரைகளைத் தேடிப் படித்தார். கடைசியில், எழுதியவர்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்.

திங்கட்கிழமை இரண்டு வரியில் பதில் வந்தது. "நாங்களும் பார்த்தோம். காரணம் தெரியாததால் எழுதவில்லை."

பேராசிரியையின் அறைக்கு ஓடினார்.

"மேடம், எழுதினவங்களுக்கே தெரியலையாம்!"

"நல்லதாப் போச்சு."

"நான் எப்படி முன்னால நின்னு தெரியலைன்னு சொல்றது? இருபத்துமூணு வருஷத்துல ஒருநாள்கூடச் சொன்னதில்லை மேடம். தெரியாததைக் கேட்டா, அது சிலபஸ்ல இல்லை, உக்காருன்னுதான் சொல்வேன்."

"இங்க சிலபஸ் என்ன சார்?"

தணிகாசலம் அந்த இரண்டு வரியை மறுபடியும் படித்தார்.

*

புதன்கிழமை.

ஒரே ஒரு படத்தைத்தான் திரையில் போட்டார். அந்தப் புள்ளியைக் காட்டினார்.

"இது ஏன் இங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை."

யாரும் சிரிக்கவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். பிரிசில்லா. அந்த வருடம் முழுவதும் அவள் வாய் திறந்ததில்லை.

"சார், அன்னிக்கு நிலா எங்க இருந்துச்சு?"

"அதைப் பார்க்கலையேம்மா."

மறந்துவிடக் கூடாதென்று கரும்பலகையில் எழுதினார். ஒருவன் அதற்குள் செல்பேசியில் தேடி, "அமாவாசைக்கு மறுநாள். நிலா வெளிச்சமே இல்லை" என்றான். எழுதியதை அழித்தார்.

"மேகம் வந்திருக்குமோ?"

"மேகம்னா பக்கத்து நட்சத்திரமும் மங்கியிருக்குமே?"

"கருவி கோளாறா இருந்தா?"

"இன்னொரு கோள்னா?"

"அவ்வளவு பெரிய கோளா? இவ்வளவு நாள் யார் கண்ணுலயும் படாமலா?"

இரண்டு பேர் எழுந்து திரைக்கு அருகில் வந்துவிட்டார்கள். ஒருவரையொருவர் பேசவிடவில்லை. தணிகாசலத்தைக் கேட்காமலே ஒருத்தி அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிப் படம் போட்டாள்.

"சார்!" பிரிசில்லா இப்போது நின்றுகொண்டிருந்தாள். "பக்கத்து நட்சத்திரத்தோட ஒப்பிட்டுத்தானே வெளிச்சத்தை அளக்குறாங்க? இது மங்கலைன்னா? அன்னிக்கு அந்தப் பக்கத்து நட்சத்திரம் கூடுதலாப் பிரகாசிச்சிருந்தா?"

படம் போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

பதினோரு முறை படித்திருந்தார். அந்தப் பக்கத்து நட்சத்திரத்தை ஒருமுறைகூட அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"அதை எழுதும்மா. நீயே வந்து எழுது."

*

நேரம் முடிந்தது. எல்லோரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். போகும்போது யாரும் கைதட்டவில்லை.

கரும்பலகையில் ஏழு கேள்விகள் இருந்தன.

"மேடம், இதுல எது சரி?"

ரஹ்மத்துன்னிசா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். ஏழையும் மெதுவாகப் படித்தார். சாக்பீஸை எடுத்து, கீழே எட்டாவதாக ஒன்றை எழுதினார்: "இதில் எது தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பிறகு பலகையின் உச்சியில், துப்புரவுப் பணியாளர் கண்ணில் படும்படி, பெரிய எழுத்தில் "அழிக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

தணிகாசலம் எட்டாவது கேள்வியைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

ஒரு நாற்காலியை இழுத்துப் பலகைக்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.