குண்டான்குளத்துக் கால்மாறாட்டம்

குண்டான்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது வீண்பழி. மூளை இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரின் பெருமை அதன் வடம் இழுக்கும் குழு. நாலே பேர். தலைவர் சொரிமுத்து, அவருக்குப் பின்னால் தளவாய், அப்புறம் உச்சிமாகாளி, கடைசியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பேச்சியப்பன். நாலு பேரையும் ஒன்றாக நிறுக்க வேண்டுமென்றால் லாரி எடைமேடைக்குத்தான் போகவேண்டும். விசில் ஊதியதும் நால்வரும் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். எதிரிகள் இழுத்து இழுத்து ஓய்ந்து, தாங்களாகவே கயிற்றை விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் இப்படி உட்கார்ந்தே ஜெயித்தார்கள்.

போன பொங்கலுக்குப் பக்கத்து ஊரான பூலாந்தட்டு இளைஞர்கள் புகார் கொடுத்து, உட்கார்ந்தால் தோல்வி என்று புது விதி கொண்டுவந்துவிட்டார்கள். நின்று இழுத்ததில் அரை நிமிஷத்திலேயே பேச்சியப்பனுக்குக் கண் இருட்டிவிட்டது. கயிறு இடுப்பில் இருந்ததால், விழுந்த பிறகும் கோடு தாண்டி வெகுதூரம் போனார். ஊர் சிரித்ததைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். கூட்டத்தில் நின்ற மனைவி சண்முகவடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதுதான் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. இந்த வருஷமும் தோற்றால் குழுவையே கலைத்துவிடுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று.

நால்வரும் டாக்டர் ரோஸ்லினிடம் போனார்கள். அவர் எடை பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"உங்க நாலு பேருக்குமே கொழுப்பு ஜாஸ்தி" என்றார்.

சொரிமுத்துவின் முகம் சுண்டிவிட்டது. "அம்மா, நாங்க மரியாதையாத்தானே பேசுனோம்?"

"உடம்புல இருக்கிற கொழுப்பைச் சொல்றேன். தசைக்குள்ள சின்னச் சின்ன அடுப்பு மாதிரி இருக்கு. நீங்க அசையாம இருந்து இருந்து அதுல பாதி அணைஞ்சு கிடக்கு. தினமும் வேகமா நடந்தா அடுப்பு பெருகும், கொழுப்பு எரியும். சும்மா நடந்தா போதாது, மூச்சு வாங்கணும். பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. அந்த வேகம் வேணும். வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டணும். எடையைப் பார்த்து மனசை விட்டுறாதீங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

திரும்பும் வழியில் முதல் ஆலோசனை நடந்தது.

"எல்லாம் சரி, மூச்சு எந்தக் கடையில விக்குது?" என்று கேட்டார் தளவாய்.

"மளிகைக் கடையில கிடைக்காதுவே" என்றார் சொரிமுத்து. "காத்து சம்பந்தப்பட்ட சரக்கு. சைக்கிள் கடைக்குத்தான் போகணும்."

சைக்கிள் கடை மூன்று கிலோமீட்டர் தள்ளி, பைபாஸ் முக்கில் இருந்தது. சரக்கு தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் மறுநாள் காலை நால்வரும் விரைந்து நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது ஒருவராலும் நிமிர முடியவில்லை.

கடைக்காரன் தாவீது பதறிப்போனான். "என்ன அண்ணாச்சி, இப்படி மூச்சு வாங்குது?"

"இன்னும் வாங்கலை தம்பி" என்றார் பேச்சியப்பன். "வாங்கத்தான் வந்திருக்கோம்."

"அதான் வாங்குதே!"

"நீ எடுத்தே தரலை, அதுக்குள்ள எப்படி வாங்கும்?"

தாவீதுக்கு எந்த ஊர் ஆட்கள் என்று புரிந்துவிட்டது. நாலு பழைய ட்யூபில் காற்றடித்து, ஆளுக்கொன்றாகக் கழுத்தில் மாலை போட்டு அனுப்பினான். ஓட்டை ட்யூப்கள். வீடு வந்து சேர்வதற்குள் தொங்கிப்போயின. மூச்சு ஒரு நாளைக்கு மேல் தாங்காத சரக்கு என்று தெரிந்துகொண்டு, தினமும் போய் வாங்கிவரத் தொடங்கினார்கள்.

பாட்டு விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. உச்சிமாகாளி பஜனை பாடுகிறவர். எவ்வளவு எட்டி நடந்தாலும் அவருக்குப் பாட வந்தது. வாயில் துண்டைத் திணித்துப் பார்த்தார்கள். பாட்டு நின்றது, கூடவே பேச்சும் நின்றுவிட்டது.

"எனக்குப் பிறந்ததுல இருந்தே பாட வராது" என்றார் தளவாய். "அப்ப நான் நடக்காமலே வைத்தியம் முடிஞ்சுபோச்சா?"

இதை நடுரோட்டில் நின்று அலசிக்கொண்டிருந்தபோது மில் வாசலில் கிடந்த செவலை நாய் எழுந்து துரத்தியது. நால்வரும் ஓடினார்கள். ஓடும்போதே உச்சிமாகாளி கடமை தவறாமல் பாடிப் பார்த்தார். பாட்டு வரவில்லை. "ஐயோ, வேட்டியைப் பிடிச்சிருச்சு!" என்பது மட்டும் தெளிவாக வந்தது.

"இதுதான்வே அந்த வேகம்!" என்று ஓடியபடியே கூவினார் சொரிமுத்து.

அன்றிலிருந்து நாய்க்குத் தினமும் பிஸ்கட் வாங்கிப் போட்டார்கள். அது அசந்து தூங்கினால் சொரிமுத்து பக்கத்தில் குனிந்து, "வாத்தியாரே, நேரமாச்சு" என்று எழுப்புவார்.

வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டச் சொன்னதையும் அவர்கள் மறக்கவில்லை. ஆளுக்கொரு விளக்குமாறு வாங்கி, முதல் வாரம் ஐந்து நிமிஷம் தெருவைக் கூட்டினார்கள், அடுத்த வாரம் பத்து. போகப்போகச் சொந்தத் தெரு போதாமல் அடுத்த தெருவுக்குப் போனார்கள். மூன்றாம் மாசம் குளத்தங்கரை வரைக்கும் ஒரு சருகு கிடையாது.

பேச்சியப்பனுக்கு ஒரே ஒரு பயம். நடந்து வந்ததும் கெண்டைக்கால் சூடாக இருந்தது. உள்ளே அடுப்பு பற்றிக்கொண்டது என்று தெரிந்துவிட்டது. வைக்கோல் போரைத் தாண்டும்போதெல்லாம் இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு தாண்டினார்.

"குடத்தைத் தூக்கிக்கிட்டு எங்க போறீய?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

அவர் காரணத்தைச் சொன்னார். அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. கேஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சு. காலை நீட்டுங்க, தோசைக்கல்லை வைக்கேன்."

அவர் நீட்டினார். அரைமணி நேரம் அசையாமல் இருந்தார். மாவு வேகவில்லை. பேச்சியப்பனுக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. ஊரே நம்பியிருக்கிற காலில் ஒரு தோசைக்குக்கூடச் சூடு இல்லையே!

மூன்று மாசம் முடிந்தது. டாக்டர் ரோஸ்லின் எடை பார்த்தார். நூற்று இருபத்தெட்டுக் கிலோ பேச்சியப்பன் நூற்று இருபத்தாறாக இருந்தார். அவருக்கு அழுகை முட்டியது. டாக்டர் நால்வரையும் ஆஸ்பத்திரி வளாகத்தைப் பத்துச் சுற்று ஓடிவரச் சொன்னார். ஓடிவந்தார்கள். நாடி பிடித்துப் பார்த்து, கெண்டைக்காலை அழுத்திப் பார்த்து, டாக்டர் பூரித்துப்போனார்.

"எடை கொஞ்சந்தான் குறைஞ்சிருக்கு, அது போகட்டும். உங்க தசை நல்லா மாறியிருக்கு! நாலு பேருக்குமே மாறிடுச்சு!"

வெளியே வந்ததும் மரத்தடியில் நால்வரும் கூடினார்கள்.

"மாறிடுச்சாமே! யாரோடதுகூட மாறிச்சு?" என்றார் பேச்சியப்பன்.

"கோயில் வாசல்ல செருப்பு மாறுதுல்லா, அது மாதிரிதான்" என்றார் சொரிமுத்து. "கூட்டம் சேர்ந்த இடத்துல மாறியிருக்கும்."

"எனக்கு உன்னுது வந்திருக்குமோ?" என்று உச்சிமாகாளி தளவாயின் காலைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னுது வந்திருந்தா நீ உட்கார்ந்துல்லா இருப்ப?"

நியாயமான பேச்சு. பேச்சியப்பன் வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தார். மொட்டை மாடிக்கு ஏறினார். போன வருஷம் நடுப்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர், இப்போது ஒரே மூச்சில் மேலே நின்றார். அப்படி ஒரு சந்தோஷம். இன்னொரு தடவை ஏறினார். அப்புறம்தான் உறைத்தது. இது தன் காலே இல்லை! அடுத்தவன் சொத்து. அன்றிலிருந்து காலில் கொசு கடித்தாலும் அவர் சொறியவில்லை. குளிக்கும்போது தன் கையைக் கழுவினாலும் கழுவாவிட்டாலும் காலை மட்டும் நல்ல சோப்புப் போட்டுக் கழுவினார். கேட்டு வந்தால் அழுக்கோடு கொடுக்க முடியுமா?

"என்னங்க, காலையே பார்த்துக்கிட்டு இருக்கீய?"

"உரியவன் எங்க தேடுதானோ வடிவு" என்றார் அவர்.

பொங்கல் வந்தது. மைதானம் நிறைந்திருந்தது. எதிரே பூலாந்தட்டு இளைஞர்கள் நாலு பேர் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். விசில் ஊதியது. நம்மவர்கள் நின்றபடியே இழுத்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, பேச்சியப்பனுக்குக் கண் இருட்டவில்லை. குதிகாலை ஊன்றிப் பின்னால் ஓரடி வைத்தார், இன்னோரடி வைத்தார். நாலாவது நிமிஷம் பூலாந்தட்டு மொத்தமும் கோட்டுக்கு இந்தப் பக்கம் குப்புறக் கிடந்தது. சண்முகவடிவு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விசிலடித்தாள்.

மேளம் முழங்கியது. மாலையோடு பஞ்சாயத்துத் தலைவர் மேடையிலிருந்து இறங்கினார். ஆனால் பேச்சியப்பன் மாலையைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்து நெஞ்சு விம்மத் திணறிக்கொண்டிருந்த அந்த நாலு பேரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொரிமுத்து! அங்க பாரும். அரை அடி நகர முடியலை, துவண்டு கிடக்கானுவ. எங்கயோ பார்த்த மாதிரி இல்ல?"

சொரிமுத்து குனிந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "நம்ம காலு!"

"போன வருஷம் ஒரே கயித்தைப் பிடிச்சோம்லா, அப்பத்தான் மாறியிருக்கு!" என்றார் தளவாய்.

"பாவம், ஒரு வருஷமா நம்ம காலை வச்சுக்கிட்டு எப்படித்தான் காலந்தள்ளுனானுவளோ" என்றார் உச்சிமாகாளி.

அடுத்தவன் பொருளை வைத்துக்கொண்டு மாலை வாங்குவது குண்டான்குளத்து வழக்கமில்லை. நால்வரும் ஆளுக்கொரு பூலாந்தட்டு இளைஞனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் கத்தினார்கள், உதைத்தார்கள். பலனில்லை. ஏழு கிலோமீட்டர். வழியில் ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடி, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, டாக்டர் ரோஸ்லினின் மேஜைக்கு முன்னால் நாலு பேரையும் வரிசையாக இறக்கினார்கள்.

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன ஆச்சு?"

"மாறினது யாருதுன்னு கண்டுபிடிச்சிட்டோம்மா" என்றார் பேச்சியப்பன். "இவங்களுதை இவங்களுக்கு மாத்தி விடுங்க, எங்களுதை எங்களுக்குக் கொடுத்திருங்க."

"முதல்ல உட்காருங்க."

"எங்கம்மா உட்கார?" என்று மேஜையைச் சுற்றி ஓடிக்கொண்டே கேட்டார் சொரிமுத்து. "உட்காருற காலு அவனுவகிட்டல்லா இருக்கு!"