கும்பிடு இறாலுக்கு ஒரு கண்ணாடி வீடு

அலையாத்திக் காட்டில் செங்கமலம் என்றொரு நீர்நாய் இருந்தாள். விருந்தாளி என்றால் அவளுக்கு உயிர்.

ஒருநாள் கடல்நீர் வற்றிய நேரம். மர வேர்களுக்கு நடுவே தேங்கிய குட்டையில் ஓர் இறால் மாட்டிக்கொண்டு கிடந்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்று அவன் உடம்பில் இல்லாத நிறமே இல்லை. செங்கமலம் வாயைத் திறந்துகொண்டு குனிந்தாள். இறால் சட்டென்று நிமிர்ந்து, இரண்டு முன்கைகளையும் நெஞ்சோடு மடக்கி நின்றான்.

அது குத்துவிடத் தயாராகும் நிலை. அவன் ஒரு குத்து விட்டால் சிப்பி தூளாகும். இதெல்லாம் செங்கமலத்துக்கு எங்கே தெரியும்?

"ஐயோ, கும்பிடுறானே! கும்பிட்டு நிக்கிறவனை எப்படித் தின்கிறது?" என்று அவள் உருகிப்போனாள். "தம்பி, இனிமே நீ என் வீட்டு விருந்தாளி!"

யாரோ கரையில் போட்டுவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதை உருட்டி வந்து தன் வளைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆனால் உள்ளே என்னென்ன வைப்பது? அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

செங்கமலத்தின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளியிடம் 'என்ன வேண்டும்?' என்று கேட்கவே கூடாது. கேட்டால், கொடுக்க மனமில்லை என்று அர்த்தமாம். முகத்தைப் பார்த்தே அறிந்து செய்ய வேண்டுமாம். இந்த விருந்தாளியின் முகத்திலோ இரண்டு கண்கள் ஆளுக்கொரு பக்கம் சுழன்றுகொண்டிருந்தன. அதைப் பார்த்து எதை அறிவது?

'விருந்தாளிக்குப் போய் உப்புத் தண்ணியா?' என்று நினைத்து, ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினாள். இறாலை உள்ளே விட்டாள். அவன் துள்ளினான், சுருண்டான், பக்கவாட்டில் சாய்ந்தான்.

"ஆகா, சந்தோஷத்துல ஆடுறான்!" என்றாள் செங்கமலம்.

அந்த வழியாக வந்த கடலாமை பதறினார். "ஆடலைம்மா, சாகிறான்! கடல்ல பொறந்தவனுக்குக் கடல் தண்ணிதான்!"

செங்கமலம் அலறியடித்துக்கொண்டு தண்ணீரை மாற்றினாள். இறால் பிழைத்தான். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு வெள்ளை மணல் பரப்பினாள். அவன் நிறங்களை எல்லோரும் பார்க்கட்டும் என்று தொட்டியை நல்ல வெயிலில் இழுத்து வைத்தாள். இறால் மணலைத் தோண்டினான். குழி சரிந்தது. மறுபடி தோண்டினான். மறுபடியும் சரிந்தது. செங்கமலமோ குழியை எல்லாம் மூடி, மணலைத் தட்டித் தட்டிச் சமமாக்கினாள். விருந்தாளி வேலை செய்யலாமா?

டக்! டக்! இறால் கண்ணாடியைக் குத்தத் தொடங்கினான்.

"கோபமா இருக்கானோ?" என்று பக்கத்தில் மீனுக்காகக் காத்து நின்ற கொக்கிடம் கேட்டாள்.

"சேச்சே, தனிமை!" என்றது கொக்கு. "பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம ஏங்குறான்."

கண்ணாடி வீட்டைச் சுற்றிப் பார்க்க ஒரு நத்தைக்கு நெடுநாளாக ஆசை. "நான் துணைக்கு இருக்கேனே!" என்று அது முன்வந்தது. செங்கமலம் அதை உள்ளே இறக்கிவிட்டாள். ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. நத்தை இருந்த இடத்தில் ஓட்டுத் தூள் மிதந்தது. இறால் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

செங்கமலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "கும்பிடுறவன் இப்படிச் செய்வானா? ஒண்ணுமே புரியலையே!"

அன்றிலிருந்து நிலைமை இன்னும் மோசமானது. இறால் மணலோடு வந்து விழுந்திருந்த கல்லையும் நத்தையின் ஓட்டுத்துண்டையும் ஒவ்வொன்றாக இழுத்து, மூலையில் ஒரு பொந்துபோல் குவித்தான். உள்ளே நுழைந்து வாசலையும் அடைத்துக்கொண்டான். தின்னக் கொடுத்தால் எடுக்கவில்லை. குத்தும் இல்லை, சத்தமும் இல்லை. கண்ணாடியிலோ மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்தது.

"செத்துகித்துப் போயிட்டானா?" செங்கமலம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. பத்து வீட்டு விருந்தாளிகளை உபசரித்தவளுக்கு இந்த ஒருவனைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று புலம்பினாள்.

கொக்கு மெல்ல வந்து நின்றது. "கவலையை விடு. கல்லை எல்லாம் தள்ளிட்டு, அவனை வெளியே இழுத்து நாடி பார்க்கிறேன். என் மூக்கு எதுக்கு இருக்கு?"

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு!" என்றாள் செங்கமலம்.

கொக்கின் மனசு எவ்வளவு நல்லதோ, அதன் வயிற்றுக்குத்தான் தெரியும்! அது தொட்டிக்குள் குனிந்தது. முதல் கல்லைத் தள்ளியது. இரண்டாவது கல்லைத் தள்ளியது. பொந்துக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வந்தது. குத்து இல்லை, முனகல்.

"உயிரோடதான் இருக்கான்!" என்று செங்கமலம் துள்ளினாள். அவனைக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் விருந்தாளியைக் கேட்பதா? அம்மா கேட்டதில்லை, பாட்டன் கேட்டதில்லை. கொக்கின் மூக்கு மூன்றாவது கல்லுக்குப் போனது.

"நிறுத்துங்க!" என்று கத்தியபடி கொக்கின் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெட்கம் பிடுங்கித் தின்ன, வாழ்நாளில் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"தம்பி, உனக்கு என்னதான்டா வேணும்?"

"அப்பாடா, கேட்டீங்களே அக்கா!" என்று பொந்துக்குள்ளிருந்து நடுங்கும் குரல் வந்தது. "கல்லைத் திரும்ப வைங்க! நான் சட்டை உரிச்சிருக்கேன். உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு. இப்ப யார் கொத்தினாலும் செத்தேன்!"

கொக்கு தொண்டையைச் செருமியது. "எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்று பறந்தே போய்விட்டது.

செங்கமலம் கல்லைத் திரும்ப வைத்தாள். தொட்டியை நிழலுக்கு இழுத்தாள். புது ஓடு இறுகும்வரை காவல் இருந்தாள். இறால் பொந்துக்குள்ளிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னான். "எனக்கு வெளிச்சம் வேண்டாம். உடம்பு நுழையுற அளவுக்கு இருட்டுப் பொந்து போதும். குழி சரியாம இருக்க உடைஞ்ச சங்கும் கல்லும் போடுங்க. துணைக்கு யாரும் வேண்டாம்."

"அப்போ கண்ணாடியை ஏன்டா குத்தினே?"

"வெயில்ல அதுக்குள்ள ஒருத்தன் நின்னு என்னையே முறைச்சான். நான் என்ன செய்ய?"

"நத்தையை?"

"நீங்க பரிமாறினது அது! வேண்டாம்னா மரியாதை ஆகுமா? அதான் தின்னேன்."

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "இதை எல்லாம் முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எங்க கூட்டத்துல, வீட்டுக்காரங்க கேட்காம விருந்தாளி வாய் திறக்கக் கூடாது அக்கா. அது அவங்களுக்கு அவமானம்."

செங்கமலம் அவனைப் பார்த்தாள். அவன் ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் தொட்டியடியில் கிடந்த ஓட்டுத் தூளையும் பார்த்தான். நத்தை ஆசை ஆசையாக வீடு பார்க்க வந்தது. இவள் கேட்காததாலும் இவன் சொல்லாததாலும் செத்துப்போனது அதுதான்.

எவ்வளவு அன்பு இருந்தாலும், ஒருவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே வாய்விட்டுக் கேட்காமல் செய்யும் உபசாரம், உபத்திரவமாகவே முடியும்.