ஒன்று வேம்படியில், ஒன்று தொட்டியடியில்

ஆற்றங்கரை மடத்து இசை விழாவுக்கு வருகிறவர்களை உபசரிக்கும் பொறுப்பு வைத்தியலிங்கத்துடையது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். குருவான செங்கமலத்தம்மாளைவிட வயதில் மூத்த சீடர். பன்னீர், மெத்தை, மின்விசிறி, பாதாம் பால் என்று மனிதர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் தினமும் மங்களம் பாடுவதற்குள் கூட்டம் எழுந்து ஓடியது.

கடைசி நாள் பாட வந்த கனகவல்லி இதைக் கேள்விப்பட்டார்.

"என் கச்சேரியிலயும் எழுந்தாங்கன்னா, இந்தப் பக்கமே இனி வர மாட்டேன்."

வைத்தியலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. குருவிடம் ஓடினார்.

"அம்மா, இதுக்கு மேல என்ன செய்யணும்? பாதாம் பால்ல குங்குமப்பூ சேர்க்கவா?"

"இன்னைக்கு நீங்க முன்வரிசையில உட்காருங்க," என்றார் அம்மாள். "மாப்பிள்ளை வாங்கித் தந்த புதுச் செருப்பைப் போட்டுட்டு வாங்க."

வைத்தியலிங்கம் முதல் ஆளாக வந்தார். ஊரில் எல்லாரும் செய்வதுபோல, திருடு போகாமலிருக்க ஒரு செருப்பை வேம்படியிலும் மற்றதைத் தண்ணீர்த் தொட்டியடியிலும் விட்டார். அம்மாள் கச்சேரி தொடங்கிய பிறகுதான் வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

கனகவல்லி உருகி உருகிப் பாடினார். வைத்தியலிங்கத்தின் கழுத்து வாசல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.

"என்ன ராகம்?" என்று அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"வேப்பமரத்துக்கிட்ட யாரோ குனியறாங்கம்மா."

கடைசிப் பாட்டு முடிந்ததுதான் தாமதம், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வாசலில் எல்லாச் செருப்புகளும் ஜோடி ஜோடியாக வரிசையில் இருந்தன. அவருடையதும் இருந்தது. மடத்துச் சமையல்காரி பொன்னாத்தாள் முக்காலி போட்டுக் காவல் இருந்தாள்.

"டோக்கன் குடுங்க ஐயா."

"என்ன டோக்கன்?"

"அம்மா சொன்னாங்கன்னு, வந்தவங்க எல்லாருக்கும் குடுத்தேனே."

"நான் முன்னாடியே வந்துட்டேன்! அது என் செருப்பு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மங்களம் முடியட்டும், அம்மா வந்து சொல்லட்டும்."

உள்ளே மங்களம் கேட்டது. அவர் பின்னால் ஒருவரும் வெளியே வரவில்லை.

கச்சேரி முடிந்து, கனகவல்லி முகமெல்லாம் சிரிப்பாக அம்மாளோடு வாசலுக்கு வந்தார்.

"அடுத்த வருஷமும் வரேன்மா. எல்லாரும் உட்கார்ந்து கேட்டாங்க. முன்வரிசையில ஒருத்தர் மட்டும் தலைதெறிக்க ஓடினாரே, யார் அவரு?"

வைத்தியலிங்கம் வெறுங்காலோடு பொன்னாத்தாளுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"நேத்து வரைக்கும் உபசரிப்பு அவர் பொறுப்பு," என்றார் அம்மாள். "இன்னைக்குத்தான் விருந்தாளியா வந்தாரு."