புனிதரின் பதினோராவது விரல்

அன்று ஏரிக்கரைக்கு வந்தவர்கள்: தாய் வாத்து ஒன்று, அதன் குஞ்சுகள் ஏழு, நீர்நாய் ஒன்று, முயல்கள் மூன்று, முள்ளெலி ஒன்று, காகங்கள் இரண்டு. ஆகப் பதினைந்து. கடைசியாக நரி வந்து சேர்ந்தது. பதினாறு.

அது புனித தெர்வீனியாரின் திருநாள். நூறு பனிக்காலங்களுக்கு முன் அந்தக் காட்டில் திருச்சபையின் ஆயராக இருந்தவர் அவர். பனிக்காலத்தில் விடிந்ததும் ஏரிக்கு வருவார். தம் கோலால் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீருக்கு வழி செய்வார். குளிரில் விறைத்த பறவைகளை அங்கியின் அகன்ற கைக்குள் வைத்துச் சூடேற்றுவார். அவர் இறந்த பிறகு, காட்டு உயிர்கள் அவர் பெயரால் விழா எடுத்தன. ஒவ்வொரு குடும்பத்திடமும் அவருடைய விரல் எலும்பு இருந்தது. திருநாளன்று அவற்றைக் கொண்டு வந்து தட்டைப் பாறையில் வைத்து வணங்குவார்கள்.

வாத்துக்கு அன்று விழாவில் மனம் ஒட்டவில்லை. முந்தின நாள் அதன் ஏழாவது குஞ்சின் கால் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தாயிற்று. ஆனால் வலது காலைக் குஞ்சால் ஊன்ற முடியவில்லை. நடக்க முடியாத குஞ்சு எத்தனை நாள் பிழைக்கும்?

நரி அதைக் கவனித்தது. கழுத்தில் கட்டியிருந்த சின்ன மூட்டையை மெல்ல அவிழ்த்தது.

"வாத்தக்கா! அழாதீர்கள்! இதோ பாருங்கள், புனிதரின் விரல்! அவர் எல்லாரையும் ஆசீர்வதித்த அதே விரல்!" என்று பாறையில் வைத்தது. "குஞ்சை என் வளையில் விட்டுவிட்டுப் போங்கள். தனியாக இருந்து இந்த விரலை மூன்று முறை முத்தமிடட்டும். மாலையில் துள்ளிக்கொண்டு வருவான்!"

"தனியாகவா?" என்று கேட்டது வாத்து.

"நம்பிக்கை வேண்டும் அக்கா! கூட ஆள் இருந்தால் அற்புதம் கூச்சப்படும்!"

வாத்துக்கு ஆசை பொங்கியது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தது. ஆனால் ஏழு குஞ்சுகளைத் தண்ணீரில் வளர்ப்பவளுக்கு எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருக்குமே! அதன் கண் பாறைமேல் போனது. தன்னுடையது ஒன்று, நீர்நாயுடையவை இரண்டு, முயல்களுடையவை மூன்று, முள்ளெலியுடையவை இரண்டு, காகங்களுடையவை இரண்டு. நரியுடையது ஒன்று. மறுபடி எண்ணியது. அதே கணக்குத்தான்.

"பெரிய காக்கையண்ணே, புனிதருக்குக் கையில் எத்தனை விரல்கள்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டது.

"இதென்ன கேள்வி? ஒரு கைக்கு ஐந்து. எங்கள் பாட்டனார் அந்தக் கையில் உட்கார்ந்து தீனி தின்றவர்!"

"இங்கே பதினொன்று இருக்கிறதே, அண்ணே!"

எல்லாரும் பாறையைச் சுற்றிக் கூடினார்கள். எண்ணினார்கள்.

"பதினொன்றுதான்!" என்று குதித்தது சின்ன முயல். "செத்த பிறகும் விரல் முளைத்திருக்கிறது! இதுவே பெரிய அற்புதம்!"

"அப்படிச் சொல்லு தம்பி!" என்றது நரி. "உனக்கு நல்ல ஞானம்!"

"அடுத்த வருடம் இருபது முளைத்தால் என்ன செய்வாய்? காலையும் சேர்த்துக்கொள்வாயா?" என்று சிரித்தது முள்ளெலி. "ஒன்று போலி. என்னுடையது இல்லை!"

"எங்களுடையதும் இல்லை!" என்று கத்தின காகங்கள்.

"சண்டை வேண்டாம். நீர்நாயண்ணனுக்கு நல்ல மூக்கு. முகர்ந்து பார்க்கட்டும்," என்றது வாத்து.

நீர்நாய் நரியின் விரலை முகர்ந்தது.

"கோழிக்கால்! போன வாரத்துக் கோழி!"

"பொறாமை!" என்று சீறியது நரி. "முதலில் உன் விரல்களை முகர்ந்து பார்!"

நீர்நாய் முகர்ந்தது. அதன் மீசை தொங்கிப்போனது.

"இதுவும் கோழிதான்... கொஞ்சம் பழைய கோழி."

ஒவ்வொன்றாக முகர்ந்தது. பதினொன்றும் கோழி!

"எனக்கு இவற்றைக் கொடுத்தது இந்த நரியின் தாத்தா. எட்டு முட்டை வாங்கிக்கொண்டார்," என்றது முள்ளெலி.

"எங்களுக்கும் அவர்தான்!" என்றன முயல்கள்.

"எங்களுக்கும்!" என்றது நீர்நாய்.

பதினான்கு தலைகள் நரியின் பக்கம் திரும்பின. ஏழாவது குஞ்சு மட்டும் தாயின் சிறகுக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

"எங்களுடையது பரம்பரையாக ஊழியம் செய்யும் குடும்பம்..." என்று ஆரம்பித்த நரி, முடிக்காமல் ஓட்டம் பிடித்தது. காகங்கள் இரண்டும் அதன் வாலைக் கொத்திக்கொண்டே காட்டின் எல்லைவரை துரத்திவிட்டுத் திரும்பின.

எல்லாரும் சிரித்தார்கள். வாத்து சிரிக்கவில்லை.

"போலி போனது சரி. என் பிள்ளையின் கால்? இனி நான் எதை நம்புவேன்?"

நீர்நாய் ஏரியைப் பார்த்தது. கரையோரம் முழுக்கப் பனிக்கட்டி. நூறு வருடமாக அதை உடைக்க யாரும் வரவில்லை. எல்லாரும் எலும்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நீர்நாய் ஏரியில் இறங்கியது. வாலால் ஓங்கி ஓர் அடி! பனிக்கட்டி படீரென்று பிளந்தது. காகங்கள் அலகால் ஓரங்களைக் கொத்தின. முள்ளெலி சருகுகளை முதுகில் குத்திக் கொண்டுவந்து மெத்தை போட்டது.

"அக்கா, குஞ்சை இங்கே கொடுங்கள்!" என்றது பெரிய முயல். மூன்று முயல்களும் நெருங்கிப் படுத்து, குஞ்சை நடுவில் வைத்துக்கொண்டன.

"கூசுகிறது!" என்று கீச்சிட்டது குஞ்சு.

"பேசாமல் படு! நாங்கள்தான் அங்கி!" என்றது சின்ன முயல்.

மறுநாளும் விடிந்ததும் நீர்நாய் பனிக்கட்டியை உடைத்தது. அதற்கடுத்த நாளும் உடைத்தது. முயல்கள் முறை வைத்துக் குஞ்சைச் சூடேற்றின. ஆறாம் நாள் காலையில் குஞ்சு இரண்டு காலையும் ஊன்றி நின்றது. இரண்டடி வைத்தது. பிறகு தண்ணீரில் குதித்தது!

அன்றுதான் உண்மையான திருவிழா. கோழி எலும்புகளைத் தள்ளிவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் பார்லி கொண்டுவந்து பாறைமேல் வைத்துத் தின்றார்கள். புனிதரின் அருளைத் தேடுபவர்கள் அவருடைய எலும்பைத் தேட வேண்டாம், அவர் செய்த வேலையைச் செய்தால் போதும் என்பது எல்லாருக்கும் புரிந்தபோது, பாறைமேல் மிச்சம் இருந்தவை பார்லி மணிகள் நான்கு.