மடை வரைக்கும்

“பத்து நாளைக்கு மேல என்னால முடியலம்மா.”

கொம்பையா தலையைக் குனிந்தபடி சொன்னார்.

ஞானவல்லி அம்மா ஒரு பாயை அவர் பக்கம் நகர்த்தினார்.

மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்ப் பானை, நாலைந்து பாய். அவருடைய ஆசிரமம் அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அரசு மருத்துவமனையில் பதினாறு வருடம் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஆட்கள் தாமாக வந்தார்கள்.

கொம்பையாவுக்கு ஐம்பத்தாறு. எடை நூற்று மூன்று கிலோ. பாயில் உட்காருவதற்குத் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“பத்து நாள் நடப்பேன். அரிசியைக் குறைப்பேன். பதினோராவது நாள் காலு தானா பரோட்டாக் கடைக்குப் போயிரும். ஆறு வருஷமா இதுதான். சுகர் முந்நூறுக்குக் கீழ இறங்க மாட்டேங்கு.”

“இப்ப எதுக்கு வந்தீங்க அண்ணாச்சி?”



“நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுறவன். போன மாசம் பாலத்துக்கிட்ட பிரேக்கை மிதிச்சேன். மிதிச்சேனா இல்லையான்னே தெரியலை. பாதம் மரத்துப் போயிருக்கு. வேன் பாலத்துச் சுவர்ல மோதிட்டு. உள்ள பதினாலு பிள்ளைக.”

“பிள்ளைகளுக்கு?”

“ஒரு பொம்பளப் பிள்ளைக்கு நெத்தியில மூணு தையல்.”

அன்றைக்கே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி வைத்திருந்தார்.

“எனக்கு மன உறுதி வேணும்மா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“அந்தப் பத்துப் பத்து நாளும் உங்ககூட யாரு நடந்தா?”

“யாரும் இல்லை. யாருக்கும் தெரியாது. சொல்லிட்டுத் தோத்தா அசிங்கம்லா.”

அம்மா எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“கோயில் தெருவுல தாவீதுன்னு ஒருத்தர் இருக்கார். போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கும் சுகர்தான். படுத்தே கிடக்கார். தினமும் காலையில போயி, அவரை எழுப்பி, குளத்து மடை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வாங்க.”

“நானா? எனக்கே முடியலைன்னுதானே உங்ககிட்ட வந்தேன்?”

“அஞ்சரை மணிக்குப் போங்க.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

*

முதல் நாள் தாவீது கதவைத் திறக்கவே இல்லை.

“யாருவே அது, விடியக்காலையில?”

“கொம்பையா. கொட்டகை அம்மா அனுப்பிச்சாங்க.”

“போவும் வே. நான் முப்பத்தாறு வருஷம் நடந்துட்டேன்.”

இரண்டாம் நாளும் அப்படியேதான் ஆனது.

மூன்றாம் நாள் கதவு பாதி திறந்தது. வெள்ளைத் தாடி. கலைந்த தலை. கண்ணுக்குக் கீழே வீக்கம்.

“ராத்திரி என்ன சாப்பிட்டீரு?”

கொம்பையாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“நாலு பரோட்டா.”

“நீரு நாலு பரோட்டா தின்னுட்டு வருவீரு. நான் கேப்பைக் கூழு குடிச்சிட்டு உம்ம பின்னாடி நடக்கணுமோ?”

கதவு சாத்திக்கொண்டது.

கொம்பையாவுக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அந்தக் கோபத்திலேயே இருந்தார். சாயங்காலம் பரோட்டாக் கடையைத் தாண்டும்போது கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. நின்றார். நாளைக்கும் அந்தக் கிழவன் கேட்பான் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய் இரண்டு தோசை சாப்பிட்டார்.

மறுநாள் தாவீது அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ரெண்டு தோசையா? பொய் இல்லையே?”

“இல்லை.”

உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

*

தாவீது மிக மெதுவாக நடந்தார். நூறு அடிக்கு ஒருமுறை எங்காவது உட்கார்ந்தார். உட்கார்ந்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

‘சோம்பேறி’ என்று கொம்பையா மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவருக்கும் முட்டி வலித்தது. ஆனால் முன்னால் போகிறவர் நிற்க முடியாது. கூட்டிப் போவது அவரல்லவா.

மடைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வர ஒரு மணி நேரம்.

தாவீது நாளுக்கொரு வம்பு வைத்தார்.

“நீரு சீனி இல்லாம டீ குடியும். அப்பத்தான் நானும் குடிப்பேன்.”

“உம்ம பாதத்தைக் காட்டும். கண்ணாடி வச்சுப் பாக்கீரா தினமும்? பாக்காட்டா நாளைக்கு வரமாட்டேன்.”

“சனிக்கிழமை ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்காங்க. மொதல்ல நீரு கையை நீட்டும்.”

சின்னப் பிள்ளையை நடத்துவது மாதிரி இருக்கிறது என்று கொம்பையா சலித்துக்கொண்டார். ஆனாலும் சீனியை விட்டார். பாதத்தைப் பார்த்தார். கையை நீட்டினார். பதினோராவது நாள் வந்து போனது அவருக்குத் தெரியவே இல்லை.

மாசிக் கடைசியில் ஒருநாள் தாவீது குளத்துக்கரையில் நின்றுவிட்டார்.

“உம்ம வீட்டுல தெரியுமா?”

“என்னது?”

“உமக்கு வியாதின்னு.”

“தெரியாது.”

“அப்ப நான் இதுக்கு மேல வரலை. வீட்டுக்குத் தெரியாம நடக்கறவன்கூட நான் நடக்க மாட்டேன்.”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொம்பையா கெஞ்சினார். தாவீது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கொம்பையா மனைவியிடம் சொன்னார். பிரமு சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“பாத்ரூம்ல எறும்பு மொய்க்கே. அதை யாரு தினமும் கழுவி விட்டா? மூணு வருஷமா கழுவுதேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

கொம்பையாவால் சாப்பிட முடியவில்லை.

“வேனு மோதின அன்னைக்காவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றாள் பிரமு. “கண்ணு தெரியலைன்னீங்க. சரின்னுட்டேன்.”

அவள் அழவில்லை. தட்டில் இருந்த சோற்றில் பாதியை எடுத்துச் சட்டியில் போட்டாள். அந்த இடத்தில் கீரையை வைத்தாள்.

*

சித்திரையில் எடை தொண்ணூற்று நாலு. சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு.

பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் சொன்னார். மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

தாவீது தேறவில்லை. அவருடைய கால் இரண்டும் வீங்கிக்கொண்டே வந்தன. செருப்பு வாரை அறுத்துவிட்டு மாட்டினார். மடை வரைக்கும் போன நடை, புளியமரம் வரைக்கும் என்று சுருங்கியது.

கொம்பையா கொட்டகைக்குப் போனார்.

“நான் சரியாத்தான் கூட்டிட்டுப் போறேன். அவரு தேற மாட்டேங்காரும்மா. ஒளிச்சு வச்சு எதையோ திங்காரு போல.”

“விட்டுடாதீங்க” என்றார் அம்மா.

வைகாசியில் கொம்பையாவின் அக்கா மகளுக்குக் கல்யாணம். பந்தியில் கேசரி வைத்தார்கள். ஒரு கை எடுத்தார். அப்புறம் இலையில் என்ன விழுந்தது, எவ்வளவு சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் காலை தாவீதின் முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது. போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

மூன்றாம் நாள் பிரமுதான் அவரை எழுப்பினாள்.

“அவரு காத்துக்கிட்டு இருப்பாருல்லா.”

“இருக்க மாட்டாரு. நிம்மதியாத் தூங்குவாரு.”

“போயிப் பாருங்க.”

போனபோது ஒன்பது மணி ஆகிவிட்டது. தாவீது வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பு காலில் இருந்தது. வெயில் முகத்தில் அடித்தது.

அவர் மனைவி எஸ்தர் கதவோரம் நின்றாள். “அஞ்சரையில இருந்து உட்காந்திருக்காக. மூணு நாளும் அப்படித்தான். உள்ள வாங்கன்னா வரமாட்டேங்காக.”

கொம்பையா கையைப் பிசைந்தார். “கல்யாண வீடு அண்ணாச்சி. கேசரி தின்னுட்டேன். உங்க மொகத்துல எப்படி முழிக்கன்னு—”

“கேசரி தின்னா என்னவே? தின்னுட்டு வரணும்.”

தாவீதின் குரல் அதுவரை அப்படி உயர்ந்ததில்லை. மூச்சு இரைத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“தின்னுட்டு மறுநாள் வரணும். அதுதான் வேலை. எத்தனை நாளு நான் இப்படி உட்காந்திருப்பேன்னு நினைச்சீரு?”

கொம்பையா அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். அன்று தெருமுனை வரைக்கும்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு கொம்பையா ஒரு நாள்கூடத் தவறவில்லை. தீர்ந்துபோன மாத்திரையை வாங்க மறந்தால் தாவீது ஞாபகப்படுத்தினார். தாவீதின் செருப்பைக் கொம்பையா குனிந்து மாட்டிவிட்டார். முன்பெல்லாம் அவரால் குனிய முடிந்ததில்லை.

*

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கோயில் தெருவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

கொம்பையா தெருமுனையிலேயே நின்றுவிட்டார். யாரோ அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். தாவீது வெள்ளை வேட்டியில் கிடந்தார். காலில் இருந்த வீக்கத்தில் விரல்கள் தனித்தனியாகத் தெரியவில்லை.

எஸ்தர் அவரைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கொம்பையா பெட்டியோடு நடந்தார். ஒரு மைல் இருக்கும். எங்கேயும் உட்காராமல் நடந்தார். அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

மறுநாள் ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. எழவில்லை. அன்று சாயங்காலம் பரோட்டாக் கடைக்குப் போனார். நாலு. மறுநாள் ஐந்து.

பிரமு தினமும் காலையில் அவருடைய செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள். தினமும் மத்தியானம் எடுத்து உள்ளே வைத்தாள்.

எட்டு நாள் அப்படிப் போனது. ஒன்பதாம் நாள் கொம்பையா கொட்டகைக்குப் போனார்.

அம்மா வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார்.

“செத்துட்டாரு” என்றார் கொம்பையா.

“தெரியும்.”

“ஆறு மாசம். மழையிலயும் போனேன். காய்ச்சலோடயும் போனேன். அவரு காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டேன். என்ன பிரயோசனம்?”

அம்மா சுள்ளியை ஒடித்தார்.

“அவரைக் காப்பாத்தத்தானே என்னை அனுப்பினீங்க? அது என்னால முடியலைல்லா? அந்த மூணு நாளு வெயில்ல உட்கார வச்சேனே, அதுலதான் போனாரு. நான்தான் கொன்னுட்டேன்.”

“அவரைக் காப்பாத்துங்கன்னு நான் எப்பச் சொன்னேன்?”



அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்தார். பாயைக் காட்டினார். கொம்பையா உட்கார்ந்தார்.

“தை மாசமே டாக்டர் அவருகிட்டச் சொல்லிட்டார். இத்தனை வருஷம் கவனிக்காம விட்டதுல சுகர் இதயத்தைத் தின்னுட்டு. ஆறு மாசம் இருப்பீங்கன்னார். மெதுவா நடந்தாலும் சரி, படுத்துக் கிடந்தாலும் சரி, நாளு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாதுன்னார்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா என்கூட நடந்தாரு?”

“தெரிஞ்சதனாலதான் இங்க வந்தார். இப்ப நீங்க இருக்கிற இடத்துலதான் உட்கார்ந்தார். ஆறு மாசத்தை வச்சு நான் என்னம்மா செய்யன்னு கேட்டார். அதுக்கு எனக்குப் பதில் தெரியலை. பதினஞ்சு நாள் கழிச்சு நீங்க வந்தீங்க.”

கொம்பையா தான் உட்கார்ந்திருந்த பாயைத் தடவினார்.

“நடந்தும் தேறமாட்டாருன்னு தெரியும்லா. அப்புறம் என்னை எதுக்கும்மா அவருகிட்ட அனுப்பினீங்க?”

ஞானவல்லி அம்மா அவரைப் பார்த்தார்.

“உங்களை நான் எங்க அனுப்பினேன், அண்ணாச்சி? அவரையில்லா உங்ககிட்ட அனுப்பினேன்.”