நாக்கு நீட்டிய சூரன் தலை

செம்பனூர் அரசவையில் விதூஷகனாக இருந்த அம்பலத்தாடிக்கு வாய் ஓடும் வேகத்தில் கை ஓடாது. இது அவனுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அந்த வருஷம் சூரசம்ஹாரக் கூத்தில் சூரன் வேடம் அவனுக்குக் கிடைத்தது. அதன்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த தளவாய் மெய்யப்பருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா! சூரன் தலை என்றால் கண் உருள வேண்டும், வாய் பிளக்க வேண்டும், நாக்கு நீள வேண்டும். இரண்டு கையிலும் வாளும் கேடயமும் இருக்கும். கை படாமல் இதெல்லாம் நடக்கிற மாதிரி ஒரு தலை செய்ய இவரால் ஆகுமா?"

"பூ, இவ்வளவுதானா?" என்றான் அம்பலத்தாடி.

வீட்டுக் கூடத்தில் வேலை தொடங்கியது. மூங்கில் கூடு கட்டி, துணி சுற்றி, புளியங்கொட்டைப் பசை பூசினான். இரண்டு கொட்டாங்கச்சிகள் கண்ணாயின. மனைவி பொன்னுருவியின் சிவப்புப் பட்டில் ஒரு துண்டு நாக்காயிற்று. கேட்காமல் கிழித்ததுதான். ஆனால் கண் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. வாய் திறந்தது, மூட மாட்டேன் என்றது.

"சூரனுக்குப் பசி போலிருக்கு. சோறு போடட்டுமா?" என்றாள் பொன்னுருவி.

"நீ சும்மா இரு. நுணுக்கமான வேலை!"

கடைசியில் எப்படியோ வழி பிறந்தது. கண்ணின் கயிற்றை முழங்கையில் கட்டினான். வாய்க்கும் நாக்குக்கும் சேர்த்து ஒரு கயிற்றை உச்சந்தலை வழியாக முதுகில் இறக்கி இடுப்பில் கட்டினான். முழங்கையைத் தூக்கினால் கண் உருளும். முன்னால் சாய்ந்தால் வாய் பிளந்து நாக்கு வரும். கண்ணாடி முன் நின்று கர்ஜித்துப் பார்த்தான். பெருமை பிடிபடவில்லை.

கூத்து நாளும் வந்தது. வேடம் கட்டியவர் முதலில் அரசரை வணங்கிவிட்டுத்தான் களரியில் ஏற வேண்டும். அதுதான் செம்பனூர் வழக்கம். அம்பலத்தாடி வாளையும் கேடயத்தையும் கீழே வைத்தான். பக்தியோடு கைகூப்பினான்.

முழங்கை உயர்ந்தது. சூரன் அரசரைப் பார்த்துக் கண்ணை உருட்டினான்.

அடடா என்று பதறி, மன்னிப்புக் கேட்கக் குனிந்தான். நாக்கு ஒரு சாண் வந்தது. இன்னும் பணிவாகக் குனிந்தான். ஒரு முழம் வந்தது.

அரசர் வல்லபதேவர் முகம் சிவந்தது.

"வேண்டுமென்றே செய்திருக்கிறான், மகாராஜா! மனசில் மரியாதை இருந்தால் நாக்கு வருமா?" என்று துள்ளினார் தளவாய்.

"இப்போதே நாட்டைவிட்டுப் போ!" என்றார் அரசர்.

தலைக்குள் அம்பலத்தாடிக்கு வியர்த்துக் கொட்டியது. தலையைக் கழற்றி இரு கையாலும் ஏந்தினான்.

"போகிறேன், மகாராஜா. ஆனால் என்னால் கூத்து நிற்கக் கூடாது. தளவாய் இந்தத் தலையைப் போட்டுக்கொள்ளட்டும். அவரைவிடப் பொருத்தமான சூரன் யார்?"

மெய்யப்பர் உடனே கழுத்தை நீட்டினார். அம்பலத்தாடியே கயிறுகளைக் கட்டிவிட்டான். வாளும் கேடயமுமாகத் தளவாய் மார்பை நிமிர்த்திக்கொண்டு களரியை நோக்கி நடந்தார்.

"தளவாய் அவர்களே, மகாராஜாவை வணங்கவில்லையே?" என்றான் அம்பலத்தாடி, மிகவும் மெதுவாக.

மெய்யப்பர் நின்றார். வணங்காவிட்டால் ராஜ நிந்தனை. வணங்கினால்? வாளையும் கேடயத்தையும் கீழே வைத்துவிட்டு, முதுகை வளைக்காமல் மெல்ல மண்டியிட்டுப் பார்த்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு கைகூப்பப் பார்த்தார். உள்ளங்கைகள் சேரவே இல்லை. வேறு வழியில்லாமல் முழங்கையைத் தூக்கிக் கைகூப்பிக் குனிந்தார். கண் உருண்டது. நாக்கு தரையைத் தொட்டது.

"மனசில் மரியாதை இருந்தால் நாக்கு வருமா என்று தளவாய்தான் சொல்ல வேண்டும்" என்றான் அம்பலத்தாடி.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. தண்டனையை ரத்து செய்து, தம் கழுத்து முத்துமாலையை அவனுக்குப் போட்டார்.

"எல்லாம் சரி, அம்பலத்தாடி. கண்ணாடி முன்னால் அத்தனை ஒத்திகை பார்த்தாயாமே. ஒரு தடவையாவது கும்பிட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?"

"எதிரே கண்ணாடியில் நின்றவனை எனக்கு நன்றாகத் தெரியும், மகாராஜா. கும்பிடத் தோன்றவே இல்லை."